வேனுக்குள் படுக்கையும் அடுப்பும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். பழைய வேன் ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் மாதக்கணக்கில் தங்கிப் பயணம் போகும்படி மாற்றிக்கொண்டிருக்கிறோம். அலமாரி, மடக்கு மேசை எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது. இரண்டு விஷயத்தில்தான் முடிவெடுக்க முடியவில்லை.

முதலில் மெத்தை. சோதனைக்காக நான்கு இரவு உள்ளேயே தூங்கினோம். ஐந்தாம் நாள் காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பிளைவுட் சொதசொதவென்று நனைந்து, ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. உடம்பின் வியர்வையும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிவிடுகிறது. பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்தால் போதுமா, மெத்தைக்கு அடியில் காற்றோட்ட வலையும் போட வேண்டுமா? மனைவிக்கு முதுகுவலி உண்டு. அதனால் மெத்தையின் தடிமனைக் குறைக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் அடுப்பு. எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, அதாவது சுமார் 1,200 வாட்-மணி. சின்ன ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்குச் சரி. 1,500 வாட் இண்டக்ஷன் வைத்தால் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்குமே! கேஸ் அடுப்பு என்றால் மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு பயம். நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு இருக்கிறது, அது போதும்.

உங்கள் படுக்கையின் அடிப்பகுதியைப் படம் எடுத்துப் போட முடிந்தால் பெரிய உதவி. அடுத்த வாரம் சட்டம் அடிக்கத் தொடங்குகிறேன்.