கணக்காசிரியரான அப்பாவுக்கு எந்தச் சோதனை கேட்பது?

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற கணக்காசிரியர், வயது 74. நினைவாற்றலுக்கான 30 மதிப்பெண் சோதனையில் 28 எடுத்தார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதும் 93, 86, 79 என்று மளமளவென அடுக்கினார். மறதிக்கு வயதுதான் காரணம் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். வீட்டிலோ, காலையில் பால்காரருக்குக் கொடுத்த பணத்தை மாலையில் மறுபடி எண்ணி எடுத்து வைக்கிறார். பேத்தியின் பெயர் நாவில் வராமல் திணறுகிறார். பி12, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன.

1988இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், கடைசிவரை தெளிவாக இருந்த சில முதியவர்களின் மூளையில் அல்சைமர் நோயின் தடயங்களைக் கண்டார்கள். படிப்பும் மூளைக்கு வேலை கொடுக்கும் தொழிலும் நோயின் அறிகுறிகளை நெடுநாள் தள்ளிப்போடும் என்கிறார் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன். ஆனால் நோய் வெளியே தெரிந்துவிட்டால் அத்தகையவர்களுக்குச் சரிவு வேகமாக இருக்கும் என்றும் அவர் ஆய்வுகள் காட்டுகின்றன. என் அச்சமெல்லாம் அதுதான்.

நன்கு படித்த முதியவர்களைத் தமிழிலேயே விரிவாகச் சோதிக்கும் நரம்பியல் உளவியலாளர் மதுரை, திருச்சி பக்கம் யாராவது இருக்கிறார்களா? மதிப்பெண் நன்றாக இருந்தும் விடாமல் கேட்டு, அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போனவர்கள் மருத்துவரிடம் என்ன சொன்னீர்கள்? அப்பா பக்கத்தில் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாது. தயவுசெய்து பதிலை இங்கேயே எழுதுங்கள்.