ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி பற்றி ஒரு உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் மரபுக் கூத்தான காமன் கூத்தின் தப்பு (பறை) அடியை ஃபோனில் பதிவு செய்து, அதற்குப் பின்னால் வயலின், செல்லோ கூட்டம் மெதுவாக எழும்பி வருவது மாதிரி ஒரு 3 நிமிட இசை செய்துகொண்டிருக்கிறேன்.

லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற வாத்திய ஒலி லைப்ரரியைப் போட்டிருக்கிறேன், இலவசம், 200 எம்பி அளவுதான் என்பதால் ஃபோன் டேட்டாவிலேயே இறக்க முடிந்தது. லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் உண்மையான வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தது, தனி நோட்டாகக் கேட்டால் அவ்வளவு அழகு. ஆனால் நாலு நோட்டைச் சேர்த்து வாசித்தால் ஆர்மோனியம் மாதிரி தட்டையாகிவிடுகிறது.

என் கீபோர்டில் மொட் வீல் (வாசிக்கும்போதே ஒலியை ஏற்றி இறக்கும் சக்கரம்) இல்லை. அதனால் அது அனுப்பும் சிசி 1 (வாசிப்பின் அழுத்தம்) கோட்டை மவுஸால் வரைகிறேன், ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஏற்றி இறக்கினால் கொஞ்சம் உயிர் வருகிறது, சரி, ஆனால் சிசி 11ஐ (எக்ஸ்பிரஷன், அதாவது ஒலி அளவு) அதோடு எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது? அப்புறம் லாங் நோட்டுகள் மெதுவாகத் தொடங்குவதால் தப்பு அடிக்குப் பின்தங்கி விழுகின்றன. நோட்டுகளை ஒவ்வொன்றாக முன்னே தள்ளுவதா, டிராக் முழுவதையும் முன்னே நகர்த்தும் மைனஸ் டிலே கொடுப்பதா?

உண்மையான லெகாட்டோ (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியில்லாமல் வழுக்கிச் செல்லும் வாசிப்பு) உள்ள, இந்த ரேமுக்குத் தாங்குகிற ஸ்டிரிங்ஸ் லைப்ரரி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். காசு சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும். எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் வைத்து ஓட்டியவர்கள் இருந்தால் அனுபவத்தை எழுதுங்கள்.