மாமனார் வம்சாவளி தேடி 1846-ல முட்டி நிக்கிறேன், ஹெல்ப் ப்ளீஸ்

இப்ஸ்விச் மருமக:
வீட்டுக்காரர் இங்கிலாந்துல சஃபோக் பக்கத்து ஆளு. மாமனாருக்கு 80 ஆகப்போகுது, வம்சாவளி ஒண்ணு போட்டுக் குடுக்கலாம்னு ஆரம்பிச்சு இப்ப ராத்திரி 1 மணி வரைக்கும் பழைய சென்சஸ் பாத்துட்டு உக்காந்திருக்கேன். பூராப் பேரும் பண்ணைக் கூலி, நிலம் இல்ல, உயில் இல்ல, கல்லறையில ஒரு கல்லு கூட இல்ல. மாமனார்ல இருந்து மேல எண்ணினா ஆறாவது தலைமுறையில ஒருத்தர், 1841 சென்சஸ்ல வயசு 45, 1851-ல 58. பத்து வருஷத்துல பதிமூணு வயசு எப்படிங்க ஏறும்? வேற ஆளா? பிறந்த ஊர் டெபென்ஹாம்னு இருக்கு, அந்த சர்ச் ஞானஸ்நானப் பதிவுல ஆளே இல்ல. 1846-ல ரெண்டாங் கல்யாணம், சர்ட்டிபிகேட்ல அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு, கையெழுத்துக்கு பதிலா ஒரு எக்ஸ்.

பழைய பேப்பர்:
அதே ஆள்தான். 1841-ல 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வயசை அஞ்சஞ்சா கீழ குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, நிஜமா 48 இருந்தா 45. அடுத்த தடவை 58, சரியா வருதா? அப்ப 1793 வாக்குல பிறந்திருக்கார். ஊரை ரொம்ப நம்பாதீங்க, பிறந்தது ஒரு ஊரு வளந்தது ஒரு ஊருன்னா வளந்த ஊரையே சொல்லிடுவாங்க. பழைய சர்ச் பதிவுகளை ஃப்ரீரெக் (FreeREG) சைட்ல காசில்லாம தேடலாம், அக்கம்பக்கத்து சர்ச்சையும் சேத்துப் போடுங்க. எழுதப்படிக்கத் தெரியாத ஆளு, பேரை பாதிரியார் காதுல விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்திப் பாருங்க.

லெஸ்டர் குமார்:
அந்தக் கோடுதான்க்கா முக்கியம். 1837 ஜூலைக்கு அப்புறம் நடந்த கல்யாணத்துல அப்பா பேரு கேப்பாங்க, கோடு போட்டிருந்தா அநேகமா அம்மாவுக்கு அப்ப கல்யாணம் ஆகல. அம்மா பேர்ல தேடுங்க. இப்படிப் பிள்ளை பிறந்தா கஞ்சி ஊத்தற செலவு ஊர் வரிப்பணத்துல விழும்னு, ஊர் ஆளுங்க அந்தப் பொண்ண மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி அப்பன் யாருன்னு கேட்டு எழுதி வாங்குவாங்க. கருணையில இல்ல, அந்த அப்பன்கிட்ட காசு கறக்க. ஆனா அந்தப் பேப்பர் தப்பிச்சிருந்தா நமக்கு அப்பன் பேர் கிடைச்சிடும். உங்க ஊர்லயே தி ஹோல்ட் ஆவணக்காப்பகம் இருக்கே, நேர்ல போய்க் கேளுங்க. முழு வருஷக் கூலிக்கு எடுத்தா, கஷ்டம் வந்தப்ப அந்த ஊரே சோறு போடணுங்கற உரிமை வந்துடும்னு 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த கதையெல்லாம் இந்த மாதிரி கட்டுலதான் கிடக்கு, படிச்சா வயிறு எரியும்.

மழைக்காகம்:
ஆன்லைன்ல யாரோ போட்டு வச்ச வம்ச மரத்தை மட்டும் காப்பி அடிக்காதீங்க. எங்க வீட்டு மரத்துல ஒருத்தர் அம்மா பிறக்கறதுக்கு முன்னாடியே பிறந்திருந்தார்.

இப்ஸ்விச் மருமக:
கிடைச்சுருச்சு!! பக்கத்து ஊரு சர்ச், 1793, ஸ்பெல்லிங்ல ஒரே ஒரு எழுத்து வேற. அம்மா பேர் மட்டும், பக்கத்துல முறைதவறிப் பிறந்த பிள்ளைன்னு எழுதியிருக்கு. மாமனார்கிட்ட சொல்லவே தயக்கமா இருந்துச்சு. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்ப நாம இத்தனை வருஷமா அந்தப் பொண்ணோட பேரைத்தான் வச்சிட்டிருக்கோமான்னு கேட்டார். அப்பன் பேப்பர் தேட வியாழக்கிழமை ஹோல்டுக்குப் போறோம், அவரும் வர்றாராம்.