‘தன்னிறைமை’, ‘ஆட்சித்தகவு’: இரு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

தனிமனிதர் தம்மீது கொண்டுள்ள மேலதிகாரத்தைக் (self-sovereignty) குறிக்கத் ‘தன்னாட்சி’ போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னாட்சி என்பது மேலே உள்ள ஒருவர் வகுத்துக்கொடுத்த எல்லைக்குள் நடப்பது. கல்லூரிகளுக்கும் மாகாணங்களுக்கும் அச்சொல் பொருந்துவது அதனால்தான். இங்கே பேசப்படுவதோ, மேலே எவரும் இல்லை என்ற கோரிக்கை. 1576இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போதென் அரசுக்கு உரியதாக விளக்கிய உச்ச அதிகாரத்தின் (sovereignty) பெயரையே, 1859இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் உடல்மீதும் மனத்தின்மீதும் ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள உரிமைக்குச் சூட்டினார். அரசின் அதிகாரத்தையும் தனிமனிதரின் அதிகாரத்தையும் குறிக்கும் இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த வாதம் தமிழில் காணாமற்போய்விடும்.

அரசின் உச்ச அதிகாரத்தை இந்தியாவில் ‘இறையாண்மை’ என்றும் இலங்கையில் ‘இறைமை’ என்றும் வழங்குகிறோம். குறுகியதை எடுத்துக்கொண்டு ‘தன்னிறைமை’ என்கிறேன். ‘தனிமனித இறைமை’ யாருடைய அதிகாரம் என்பதை மட்டும் சொல்கிறது. ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒருவரே என்பதைத் ‘தன்’ என்ற முன்னொட்டு சொல்லிவிடுகிறது. தன்னிறைவு என்று பிழையாகப் படிக்கப்படலாம் என்ற தடை உண்மைதான். அதைத் தவிர்க்கச் செங்கோன்மையை ஒட்டித் ‘தற்கோன்மை’ என்று ஆக்கிப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தாலும் வேர் மாறிவிடுகிறது. இறை என்றால் வரி என்றும் பொருள் உண்டு, வரி நீங்கிய நிலம் இறையிலி. 1846இல் தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோவை, இறை மறுத்து இறைமை கேட்டவர் என்று தமிழில் மட்டுமே சொல்ல முடியும்!

தேச அரசுக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான சொல்தான் (legitimacy) கடினம். ‘சட்டபூர்வத்தன்மை’ என்று எழுதுவது, கேள்வியையே விடையாக்குவது. சட்டம் இயற்றுவதே அந்த அரசுதானே. ‘அங்கீகாரம்’ பிற அரசுகள் தருவது, மக்கள் தருவதன்று. 1976இல் தென்னாப்பிரிக்கா தன் சட்டத்தின் வழியே, கறுப்பின மக்களுக்கென ஒதுக்கியிருந்த டிரான்ஸ்கை என்ற பகுதியைத் தனிநாடாக அறிவித்தபோது, ஐ.நா. பொதுச்சபை அது செல்லாது என்றது. சட்டம் இருந்தது, ஆட்சியும் இருந்தது. இல்லாதது எதுவோ அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். 1933ஆம் ஆண்டின் மொந்தேவீதியோ உடன்படிக்கை அரசுக்கு வேண்டியவையாக நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் திறன் ஆகிய நான்கையே குறிப்பிடுகிறது. அவற்றுள்ளும் அது இல்லை.

அதற்கு ‘ஆட்சித்தகவு’ என்பது என் பரிந்துரை. “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்” என்ற குறளில், இறை என்பது மன்னனிடம் தானாக இருப்பதாக அன்றி, முறை செய்ததால் அவனுக்கு வைக்கப்படுவதாக வருகிறது. அந்தத் தகுதியையே தகவு என்கிறேன். தகவுடைய அரசு, தகவிழந்த அரசு என்று அடைகளும் எளிதாக அமைகின்றன.

இச்சொல் இடறும் இடம் ஒன்று உண்டு. வன்முறையைத் தகவோடு (legitimate) கையாளும் தனியுரிமையைக் கோரி வெற்றி பெறுவதே அரசு என்று 1919இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வரையறுத்தார். அவர் அக்கோரிக்கையை விவரித்தாரே ஒழியப் பாராட்டவில்லை. ‘தகவுடைய வன்முறை’ என்று எழுதினால் பாராட்டின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. அங்கு மட்டும் ‘தகவு கோரும் வன்முறை’ என எழுதிப் பார்க்கிறேன். அந்த வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் உங்களுக்குத் தோன்றுகிறதா?