ஓர் ஆண்டுக்கு ஒரே நற்பண்பு: தலைமைத்துவத்துக்கு எதைத் தெரிவுசெய்வது?

கேள்வி (கொட்டாஞ்சேனை):
கோட்டையிலுள்ள ஒரு நிறுவனத்தில் அண்மையில் குழுத் தலைவனாகப் பொறுப்பேற்றேன். பங்கின் இளையோர் குழுவையும் வழிநடத்துகிறேன். நத்தாருக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே திருவழிபாட்டு ஆண்டு தொடங்குவதால், அன்றிலிருந்து ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு கிறிஸ்தவ நற்பண்பை எடுத்துக்கொண்டு என் தலைமைத்துவத்தைச் சீர்செய்ய விரும்புகிறேன். தலைவன் பணியாளனாக இருக்க வேண்டும் என்று மாற்கு 10ஆம் அதிகாரம் கற்பிப்பதால், மனம் தாழ்ச்சியின் பக்கம் சாய்கிறது. இந்தத் தெரிவு சரிதானா? அதை எப்படிக் கைக்கொள்வது?

பதில் 1 (வெள்ளவத்தை):
தம்பி, தாழ்ச்சி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், இயல்பிலேயே அமைதியான ஒருவர் அதைத் தெரிவுசெய்தால், ஏற்கெனவே உள்ள சுபாவத்துக்கு நல்ல பெயர் சூட்டியதாகவே முடியும். மேலதிக நேரக் கொடுப்பனவு மறுக்கப்படும்போது மேலிடத்தில் வாய் திறக்காதவர், விடுமுறை நாட்களில் எப்போதும் அதே ஆளையே வேலைக்கு அழைப்பவர், கூட்டத்தில் ஆங்கிலம் சரளமாகப் பேசுவோரின் கருத்தை மட்டும் குறித்துக்கொள்பவர் ஆகியோரிடம் தாழ்ச்சி இருக்கலாம். நீதியும் துணிவும் இல்லை. விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கையும் சாலமோனின் ஞானம் என்னும் விவிலிய நூல் (8:7) ஒருசேரச் சொல்கிறது. உமக்குப் பிடித்த பண்பை விட்டு, உமக்குக் கீழே வேலை செய்வோர் உம்மிடம் எதைத் தேடி ஏமாறுகிறார்கள் என்று பாரும். எனது கணிப்பு, நீதி.

பதில் 2 (மட்டக்குளி):
ஐயா சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும் பண்புகளை அவ்வளவு பிரித்துவிட முடியாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த 1687இல் எளிய வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவாஸ் என்னும் குரு, 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று பராமரித்தார். அங்கே தாழ்ச்சி எது, துணிவு எது?

கைக்கொள்ளும் முறைக்கு, புனித இஞ்ஞாசியாரின் தனி ஆன்மசோதனையைப் பரிந்துரைக்கிறேன். காலையில் ஒரு குறையை மட்டும் மனத்தில் நிறுத்தி, நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என்று கோட்டில் புள்ளியிட்டு, நாளோடு நாளையும் கிழமையோடு கிழமையையும் ஒப்பிட வேண்டும். பெஞ்சமின் பிராங்கிளின் 13 பண்புகளைக் கிழமைக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் வருமாறு வகுத்தார். வேலைக்குச் செல்பவருக்கு அது மிகுந்த அவசரம். பண்பு ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக இருக்கட்டும். அதற்குட்பட்ட ஒரு குறிப்பிட்ட செயல் மட்டும் கிழமைதோறும் மாறலாம். அந்தப் புள்ளிகளைக் குழுவினரிடம் காட்ட வேண்டாம், அது விளம்பரமாகிவிடும்.

பதில் 3 (புறக்கோட்டை):
நான் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். எங்கள் சபை மரபைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755இல் ஆரம்பித்த, இறைவனுக்கு நம்மை மீண்டும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையைப் புதுவருடத் தொடக்கத்தில் சபையாகக் கூடியே நடத்துகிறோம். தனியாகப் புள்ளியிடுபவர் தம்மைத் தாமே மன்னித்துக்கொள்வார், அல்லது மனம் சோர்வார். ஆகவே, சகோதரரே, உங்களுக்குக் கீழே பணிபுரியும் ஒருவரிடமாவது உங்கள் தெரிவைச் சொல்லி, தவறும்போது கண்டிக்க அனுமதி கொடுங்கள். மற்றதைக் கிருபை செய்யும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நீதியையே எடுத்துக்கொள்கிறேன். நத்தார் கிழமைக்கான வேலைப் பட்டியலை இன்னும் எழுதவில்லை; வெசாக் விடுமுறையில் யார் யார் வேலை செய்தார்கள் என்று பார்த்த பின்னரே என் பெயரை எங்கே போடுவதென்று தீர்மானிப்பேன்.