வெள்ளை எல்ஆர்எக்ஸும் அந்த 30 மில்லிமீட்டரும்

குழு: பெரிய வீடு
ஞாயிறு, மாலை 5:10

கதிர்: [படம்]

கதிர்: இது என்ன வண்டி, சொல்லுங்கள் பார்ப்போம்.

ரேவதி அத்தை: ரேஞ்ச் ரோவர் இவோக். இதைக் கேட்க வேண்டுமா கதிர்?

வித்யா: இல்லை அத்தை, இது எல்ஆர்எக்ஸ். 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் வைத்த கான்செப்ட் கார், அதாவது காட்டுவதற்காக மட்டும் செய்த மாதிரி வண்டி. அப்போது இதற்கு லேண்ட் ரோவர் என்றுதான் பெயர். இவோக் விற்பனைக்கு வந்தது 2011ல்.

ரேவதி அத்தை: நிஜமாகவா! எனக்கு வித்தியாசமே தெரியவில்லையே.

வித்யா: எனக்கு இதில் பிடித்ததே அதுதான் அத்தை. பொதுவாக மேடையில் ஒரு வண்டியைக் காட்டுவார்கள், ஷோரூமுக்கு வருவது வேறொன்றாக இருக்கும். சக்கரம் சிறுத்து, கூரை உயர்ந்து, முகமே மாறிப்போயிருக்கும். இங்கே வடிவமைப்பாளர் ஜெர்ரி மெக்கவர்ன் குழு போட்ட இரண்டு கோடுகள் அப்படியே தப்பி வந்துவிட்டன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரை பின்னால் போகப் போக இறங்குகிறது. ஜன்னலின் அடிக்கோடு பின்னால் போகப் போக ஏறுகிறது. கடைசியில் கண்ணாடி ஒரு கீற்று மாதிரி ஆகிவிடுகிறது. ஜன்னல் தூண்களும் கறுப்பு, அதனால் கூரை தனியாக மிதப்பது போலத் தெரியும்.

சேகர் சித்தப்பா: வித்யா, வரைந்தவரை நன்றாகப் புகழ்ந்தாய், சரி. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சு, அந்த டையைச் செய்தவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளம்மா.

வித்யா: சொல்லுங்கள் சித்தப்பா, உங்கள் துறைதானே.

சேகர் சித்தப்பா: கான்செப்ட் என்றால் ஒரே ஒரு வண்டி. கையாலேயே செய்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம். அதே கதவை லட்சம் முறை பிரஸ்ஸில் அடிக்க வேண்டும் என்றால் கதை வேறு. தகட்டைக் கூடுதலாக இழுத்தால் மூலையில் கிழியும். இழுவை போதாவிட்டால் சுருக்கம் விழும். அந்த ஏறுகோடு முன்கதவில் தொடங்கிப் பின் மூலை வரை உடையாமல் ஓட வேண்டும் என்றால், இரண்டு மூன்று தகடுகள் சேரும் இடத்தில் எல்லாம் அது சரியாக வந்து நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சேகர் சித்தப்பா: பானெட் இன்னொரு தலைவலி. சாலையில் நடப்பவர் மீது மோதினால் தலை போய் எஞ்சினில் இடிக்கக் கூடாது என்பதற்காக, நடுவில் இடைவெளி விட வேண்டும். அங்கேதான் பல கான்செப்டுகளின் மூக்கு ஏறிப்போகிறது. அது போதாதென்று இவர்கள் அடியில் லேண்ட் ரோவரின் இன்னொரு வண்டியான ஃப்ரீலேண்டர் 2ன் தளத்தைத்தான் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டார்கள். எஞ்சினும் ஸ்டியரிங்கும் எங்கே உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் முன்பே முடிவான விஷயம். அதற்கு மேல் இந்த உருவத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள் பார், அதற்குத்தான் நான் கும்பிடு போடுவேன்.

வித்யா: இதை நான் யோசிக்கவே இல்லை சித்தப்பா.

தாத்தா: டாடா அந்தக் கம்பெனியை வாங்கிய வருஷம் அல்லவா அது?

கதிர்: ஆமாம் தாத்தா. ஜனவரியில் காட்டும்போது ஃபோர்டு கையில் இருந்தது. மார்ச்சில் ஒப்பந்தம், ஜூன் 2ல் டாடாவுக்குக் கைமாறியது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் சேர்த்து 230 கோடி டாலர். அப்புறம் செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது, உலகம் முழுக்கப் பொருளாதார நெருக்கடி.

சேகர் சித்தப்பா: அந்த வருஷத்தின் கடைசி மூன்று மாதங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் இருந்த ஆலையில் பாதி பிரஸ்கள் நின்றிருந்தன. எண்ணெய் போட்டு மூடிவைத்த டைகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அந்த நேரத்தில் ஒரு புது வண்டிக்குப் பணம் இறக்க முதலாளிக்குத் துணிச்சல் வேண்டும்.

வித்யா: 2009ல் பிரிட்டிஷ் அரசும் 2.7 கோடி பவுண்டு வரை உதவி தருவதாகச் சொன்னது. லிவர்பூல் பக்கத்தில் இருக்கும் ஹேல்வுட் ஆலையில் செய்ய வேண்டும் என்று பேச்சு. அங்கேயேதான் 2011 ஜூலையில் உற்பத்தி தொடங்கியது.

தாத்தா: சரி, படத்தில் பக்கத்துக்கு ஒரே கதவுதான் தெரிகிறது. அப்படியென்றால் என்னைப் போன்றவன் பின்சீட்டுக்கு எப்படிப் போவது?

வித்யா: தாத்தா, நீங்கள் கேட்டதைத்தான் வாங்க வந்தவர்களும் கேட்டிருப்பார்கள். 2010 ஜூலையில் லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் முதலில் காட்டியது பக்கத்துக்கு ஒரு கதவு உள்ளதைத்தான். நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து கதவு வண்டி வந்தது, பக்கத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று. அதற்குக் கூரையை எவ்வளவு உயர்த்தினார்கள் தெரியுமா? 1605 மில்லிமீட்டர் 1635 ஆனது. வெறும் 30. இரண்டு விரல் அகலம் கூட இல்லை.

தாத்தா: இரண்டு விரல் இடமும் தலைக்குப் பெரிதுதான் கண்ணு. 1970ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவருக்கும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். குழாயை வைத்து உள்ளே கழுவிவிடலாம் என்பார்கள். நான்கு கதவு வர 1981 ஆயிற்று.

கதிர்: பதினொரு வருஷமா! இவர்கள் சில மாதத்திலேயே கொடுத்துவிட்டார்களே.

ரேவதி அத்தை: கூரை இறங்குகிறது, ஜன்னல் ஏறுகிறது என்கிறீர்கள். பின்னால் வருகிற வண்டி தெரியுமா? அழகுக்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாதே.

வித்யா: சரியான கேள்வி அத்தை. பின்கண்ணாடி குறுகலானதுதான், அதை மறைக்க முடியாது. 2018ல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஓட்டுநர் பின்னால் பார்க்க உள்ளே இருக்கும் கண்ணாடியையே திரையாக்கிவிட்டார்கள். கூரையில் ஒரு கேமரா, அது பார்ப்பது கண்ணாடியில் தெரியும். அந்தக் கோடுகளை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் வேறு வழி தேடியிருக்கிறார்கள்.

கதிர்: எல்லாரும் இப்படிப் பிடிவாதமாக இருப்பதில்லை. பென்ட்லி 2012ல் ஜெனீவாவில் இஎக்ஸ்பி 9 எஃப் என்று ஒன்றை வைத்தது. முகம் பலருக்குப் பிடிக்கவில்லை. 2015ல் பென்டேகாவாக வரும்போது நிறைய மாற்றிவிட்டார்கள்.

சேகர் சித்தப்பா: அதுவும் சரியான முடிவுதான். நல்லதை விடாமல் பிடிப்பதும் கெட்டதை விடுவதும் ஒரே அளவு கஷ்டம்.

வித்யா: சித்தப்பா, இன்னொன்று. எல்ஆர்எக்ஸில் 2 லிட்டர் டீசல் எஞ்சினோடு பின் அச்சில் ஒரு மின்மோட்டாரும் இருக்கும் என்று 2008லேயே சொன்னார்கள். 2011ல் வந்த வண்டியில் அது இல்லை, வெறும் டீசலும் பெட்ரோலும்தான். 2020ல் பி300இ என்று ஒன்று வந்தது. முன்னால் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பின் அச்சில் மின்மோட்டார்.

சேகர் சித்தப்பா: அதே பின் அச்சிலா? பன்னிரண்டு வருஷம் கழித்தா?

வித்யா: அதேதான். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்.

சேகர் சித்தப்பா: குறுக்குவெட்டுப் படம் இருந்தால் உடனே அனுப்பம்மா. எக்ஸாஸ்ட் குழாயை எந்தப் பக்கமாகக் கொண்டுபோனார்கள் என்று பார்க்க வேண்டும்.

வித்யா: தேடி அனுப்புகிறேன் சித்தப்பா.

தாத்தா: எனக்கும் அனுப்பு. பெரிய படமாக.