கிருபையா, சுயசித்தமா? விளக்கம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூரில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன ஞாயிறு யோவான் 6:44 படித்தோம். பிதா இழுத்தால்தான் ஒருவன் வரமுடியும் என்றால், இன்னும் வராத என் அப்பாவை அவர் இழுக்கவே இல்லையா என்று ஒரு தம்பி கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

இரட்சிப்பு தேவ கிருபையால்தான் என்ற அகஸ்டினுக்கும், மனுஷன் தன் சித்தத்தாலேயே நன்மையைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற பெலாஜியஸுக்கும் நடந்த வாதம் தெரியும். 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபைச் சங்கம், கிருபையை மனுஷன் எதிர்க்க முடியும் என்ற ஆர்மினியஸின் வழிவந்தவர்களை மறுத்ததும் தெரியும். மனுஷன் தேடும் முன்பே தேவன் தரும் முந்திவரும் கிருபை எல்லோருக்கும் உண்டு, மனுஷன் அதைத் தள்ளவும் முடியும் என்ற மெதடிஸ்ட் போதகர் வெஸ்லியின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் தேவன் தமக்குச் சித்தமானவர்மேல் இரக்கமாயிருக்கிறார் என்று சொல்லும் ரோமர் 9 எடுத்தால் தடுமாறுகிறேன்.

தமிழில் இதை எளிதாக விளக்கும் புத்தகமோ, சென்னையில் உட்கார்ந்து பேச நேரம் தரும் போதகரோ இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, அந்தத் தம்பி வருவான்.